ஸ்டோர் ஜன்னல் ஜெபகனி

பாளையங்கோட்டையில் மிஷன் காலத்துக் கட்டடம் ஒன்றில் தனியார் ஐ.டி.ஐ. ஒன்று நடக்கிறது. பணிமனைக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டோர். ஸ்டோருக்குள் ஆயிரத்துச் சொச்சம் கருவிகள். அவற்றுக்கு நடுவே உயரமான முக்காலியில் ஐம்பத்தொரு வயது ஜெபகனி. ஃபிட்டர் படிக்க வரும் பயல்கள் முதல் வாரம் பிரின்ஸிபாலைக் கண்டு பயப்படுவார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஜெபகனியைக் கண்டுதான்.

இத்தனைக்கும் அவள் யாரையும் அதட்டியதில்லை. கேட்டதைக் கொடுப்பாள்; வம்பே அதில்தான் இருக்கிறது. “எக்கா, அந்தச் சாமானைத் தாங்க” என்று ஒருவன் கேட்டால் துடைப்பத்தை எடுத்து நீட்டி, பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிவிடுவாள். சாயங்காலம் வரை அந்தத் துடைப்பத்துக்கு அவன்தான் பொறுப்பு. “பெரிய ஸ்பானர்” என்று கேட்டவனுக்கு ஸ்டோரிலேயே பெரியது வரும். அதை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு அவன் பணிமனையின் மறுகோடிக்கு நடக்க, மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

“முறையாப் பேரைச் சொல்லு, அளவைச் சொல்லு, எதுக்குன்னு சொல்லு. பொறவு வாங்கிட்டுப் போ. நான் என்ன தரமாட்டேன்னா சொல்லுதேன்?” என்பாள்.

அளவுக் கருவி கேட்டு வந்தால் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. வெர்னியர் என்று ஒன்று இருக்கிறது. இரும்புத் துண்டை இரண்டு தாடைக்கு நடுவே பிடித்து, மில்லிமீட்டரை ஐம்பதாகக் கூறுபோட்டு அளக்கும் கருவி. துண்டு ஏதும் இல்லாமல் தாடையை மூடினால் அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்று முழுக்க அது சொல்வதெல்லாம் பொய். அதனால் வெர்னியரைக் கொடுத்துவிட்டு, “மூடி ஜீரோ பாத்தியாலே?” என்பாள். பார்க்காதவன் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வர வேண்டும்.

அவள் இந்த ஜன்னலுக்கு வந்த கதையும் சிரிப்புக்குரியதுதான். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்பும் தட்டச்சும் முடித்தவள், இரண்டு மாத விடுப்பில் போன ஸ்டோர்காரருக்குப் பதிலாக வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறவள். வந்த மூன்றாம் நாள் ஒரு பையன் ஜன்னலில் முகத்தை வைத்து, “பாஸ்டர்ட் ஃபைல் தாங்க மேடம்” என்றான். ஜெபகனி ஜன்னலை அடைத்துவிட்டு வெளியே வந்து, அவன் காதைப் பிடித்து பிரின்ஸிபால் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிரின்ஸிபால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். அரத்தில் பல் கொஞ்சம் முரடாக இருக்கும் வகைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே அதுதான்.

அவமானம் தாங்காமல் அன்று அந்தப் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள், ஒரு மாதத்தில் முழுதும் மனப்பாடம் செய்தாள். விடுப்பில் போன ஸ்டோர்காரர் திரும்பி வரவேயில்லை. தனக்குத் தெரிந்த பெயரை இன்னொருவன் தெரியாமல் விழிப்பதைப் பார்ப்பதில் இருக்கும் சுகம், அப்போது பிடித்தது, இன்றுவரை அவளை விடவில்லை.

அந்தச் சுகத்தால் விளைந்த நன்மையை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. நாட்டின் தொழில் வளர்ச்சிக்குத் திறமையான ஆட்கள் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் பொன்னாடையை வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள். கங்கைகொண்டானிலும் ஓசூரிலும் கடல் தாண்டித் தம்மாமிலும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் எத்தனையோ பேர், ஒரு கருவியின் பெயரை வாய் குழறாமல் முதன்முதலில் சொன்னது இந்தக் கம்பி ஜன்னலில்தான். நேர்முகத் தேர்வில் மேஜைமேல் பத்துக் கருவியைப் பரப்பி வைத்துப் பெயர் கேட்டால், இங்கே படித்த பயல்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். துடைப்பம் சுமந்தவன் மறப்பானா?

போன வருஷம் தாளாளர் கிருபைராஜ் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், எதையாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்ற அரிப்பு மட்டும் உண்டு. அடுத்த ஆய்வில் நிலையத்தின் தரப்புள்ளியை ஏற்றியாக வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் ஏழாவது வரி: பணிமனையில் வேலை செய்யும் எல்லாருக்கும் தொழிற்சான்றிதழ்.

“ஜெபகனி, நீ கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு சர்டிபிகேட் வாங்கிரு. வாங்கிட்டா ஸ்டோர் உனக்குத்தான். இல்லன்னா ஆபீஸ்ல அட்டெண்டன்ஸ் பாக்க வந்திரு. சம்பளம் ஒரு ரூவா குறையாது.”

“ஐயா, இருவத்துநாலு வருஷமா...”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. பேப்பருக்குத் தெரியாதுல்லா?”

அட்டெண்டன்ஸ் பார்ப்பது என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வந்தவன் வராதவன் பெயருக்கு நேரே டிக் அடிப்பது. ஜெபகனிக்கு அது உயிரோடு அடக்கம் பண்ணுவது போல் இருந்தது. வீட்டில் கணவர் பாக்கியசீலன், தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்றவர், “நிழல்ல உக்காந்து சம்பளம் வாங்குததுக்கு அழுவாளாட்டி ஒருத்தி?” என்றார். அன்று அவருக்கு ரசத்தில் உப்பில்லை.

வழி சொன்னவன் இசக்கியப்பன். முப்பத்திரண்டு வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பணிமனையில் இயந்திரங்களைப் பராமரிப்பவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே ஜன்னலில் துடைப்பம் வாங்கிப் போனவன். “எக்கா, அனுபவம் உள்ளவங்க தனித்தேர்வரா பரீட்சை எழுதலாம். ஃபிட்டருக்குப் போடுங்க. எழுத்துப் பரீட்சைய நீங்க தூக்கத்துல எழுதிருவீங்க. கைவேலைக்கு நான் கூட நிக்கேன்” என்றான்.

கைவேலைதான் கஷ்டம். ஆயிரம் அரத்தை எடுத்துக் கொடுத்தவள் ஒரு அரத்தையும் ஓட்டியதில்லை. தினமும் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் இரும்பைத் தேய்த்தாள். முதல் மாதம் அவள் தேய்த்த பரப்பெல்லாம் இட்லி போல நடுவில் உப்பியிருந்தது. உள்ளங்கை கொப்பளித்தது. பயல்கள் ஜன்னல் பக்கம் வந்து, “எக்கா, முறையாப் பேரைச் சொல்லுங்க, இது சதுரமா வட்டமா?” என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். ஆறு மாதத்தில் இட்லி தட்டையானது. எட்டாவது மாதம், அவள் செய்த இரண்டு துண்டை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த இசக்கியப்பன், பயல்களுக்குக் காட்ட அதை எடுத்துக்கொண்டு போனான். குறை சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவன் என்பதால், அதுவே பெரிய பாராட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

தேர்வு தள்ளித் தள்ளிப் போய், ஆயுத பூஜைக்கு அடுத்த திங்கட்கிழமை என்று தேதி வந்தது. மையமும் இதே ஐ.டி.ஐ. என்று போட்டிருந்தார்கள்.

இங்கே ஆயுத பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மிஷன் கட்டடம் என்றாலும் பணிமனையில் பயல்கள் பூஜை போடுவதை யாரும் தடுத்ததில்லை. லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்குப் பொட்டு, சுண்டல், பொரி எல்லாம் உண்டு. சுண்டலுக்கு முதல் ஆளாகக் கை நீட்டுகிறவள் ஜெபகனி. ஆனால் படையலில் வைக்க அளவுக் கருவி கேட்டால் மட்டும், தாடை உடைந்த வெர்னியரையும் துருப்பிடித்த மைக்ரோமீட்டரையும் எடுத்துக் கொடுப்பாள். “சாமி என்ன அளக்கவா போறாரு? சந்தனம் நெத்திக்கு நல்லது, வெர்னியருக்கு ஆகாது” என்று நல்லதையெல்லாம் பூட்டிவிடுவாள்.

அந்த வருஷம் அவள் எழுத்துப் பரீட்சைக்குப் படிக்க லீவு போட்டிருந்தாள். ஸ்டோர் சாவி இசக்கியப்பனிடம். அவனுக்கோ மனசு முழுக்க அக்கா பாஸாக வேண்டும் என்ற வேண்டுதல். உடைந்த கருவியை வைத்துக் கும்பிட்டால் உருப்படுமா என்று யோசித்தான். ஸ்டோரில் இருந்த நல்ல வெர்னியர் பன்னிரண்டையும் வரிசையாகப் பரப்பினான். ஒவ்வொன்றுக்கும் கைநிறையச் சந்தனம் குழைத்துப் பூசினான், அக்கா வழக்கமாக எடுக்கும் வெர்னியருக்கு ரெண்டு தடவை. பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்து அடுக்கினான். வெளிப்பக்கம் மட்டும்.

எழுத்துப் பரீட்சை செவ்வாய்க்கிழமை; திங்கட்கிழமை காலையில் கைவேலைத் தேர்வுக்குப் பன்னிரண்டு தனித்தேர்வர்கள் வந்தார்கள். பட்டறைக்காரர்கள், மில்காரர்கள், கடைசி எண் ஜெபகனி. தேர்வாளர் ஆவுடைநாயகம் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் தரப்பிரிவில் பெரிய பொறுப்பில் இருப்பவர்; கறாரானவர் என்று பெயர். ஜெபகனி பரீட்சை எழுதுகிறபடியால் ஜன்னலுக்குப் பின்னால் அன்று முக்காலியில் உட்கார்ந்திருந்தவன் இசக்கியப்பன். பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு.

ஜெபகனி ஜன்னலுக்கு வந்ததும், “என்ன வேணும்?” என்றான்.

“வெர்னியர் தாலே.”

“வெர்னியர்னா? முறையாச் சொன்னாத்தான் கிடைக்கும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெபகனி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “பூஜ்யத்துலேந்து நூத்தம்பது மில்லிமீட்டர் வரை அளக்கிற வெர்னியர் காலிப்பர், லீஸ்ட் கவுண்ட் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ரெண்டு, எனக்குப் பரீட்சை எழுத, போதுமாவே?” என்றாள். பணிமனையே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெர்னியரை வாங்கி, சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள். இருபத்துநாலு வருஷமாக மற்றவர்களைக் கேட்ட கேள்வியைத் தன்னைக் கேட்டுக்கொள்ள மறந்துபோனாள்.

வேலை எளிது என்று சொல்ல முடியாது. ஒரு துண்டில் இருபது மில்லிமீட்டர் அகலத்தில் சதுர முனை. இன்னொன்றில் அது கச்சிதமாக உட்காரும் பள்ளம். மத்தியானம் வரை தேய்த்து, அளந்து, தேய்த்து, வெர்னியர் சரியாக இருபது காட்டியதும் முனையை நிறுத்தினாள். பிறகு முனையை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பள்ளத்தைத் தேய்த்தாள். மூன்று மணிக்கு இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கின. அவளுக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு நன்றாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மனசு நிறைந்து வெர்னியரைத் துடைத்தாள். துடைத்த கை, பழக்கத்தில் தாடையை மூடியது. பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கவில்லை. ஆறு கோடு தள்ளி நின்றது. வெளிச்சத்தில் பிடித்தாள். தாடைக்கு நடுவே மெல்லிய இடைவெளி. ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்து பார்த்தாள். மறுபடி மூடிப் பார்த்தாள்; அதே ஆறு கோடு. அவள் இருபது என்று நினைத்தது இருபது இல்லை. ஒரு தாள் கனம் குறைவு. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஜன்னலைப் பார்த்தாள். இசக்கியப்பன் அவள் முகத்தையும் கையிலிருந்த வெர்னியரையும் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டான். அவன் முகம் செத்துவிட்டது. பிறகு உதட்டில் விரலை வைத்து, வெர்னியரை அப்படியே மேஜையில் வைக்கும்படி சைகை காட்டினான். காரணம் இருந்தது. ஆவுடைநாயகம் தன்னுடைய வெர்னியரை மறந்து வந்திருந்தார். காலையிலிருந்து அந்தந்த மேஜையில் கிடக்கும் கருவியை எடுத்துத்தான் அளந்துகொண்டிருந்தார். அதே வெர்னியரால் அளந்தால் அதே இருபதுதான் வரும்.

ஜெபகனி வெர்னியரை மேஜையில் வைத்தாள். நல்லவள்தான், ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அட்டெண்டன்ஸ் பதிவேடும் மின்விசிறியும்தான். ஆண்டவரே, ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்ளும் என்று வேண்டினாள்.

ஆவுடைநாயகம் வந்தார். பொருத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், புருவம் உயர்ந்தது. வெர்னியரை எடுத்து முனையை அளந்தார். “பிரமாதம்மா. அச்சா இருபது” என்று பேனாவைத் திறந்தார். “வாய்மொழித் தேர்வுக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ரொம்ப லேசானது. வெர்னியரைக் கையில வாங்கின உடனே முதல்ல என்ன செய்யணும்?”

பரிசாக நினைத்துத்தான் கேட்டார், பாவம்.

“மூடி ஜீரோ பாக்கணும் சார்.”

“பாத்தீங்களா?”

‘பார்த்தேன்’ என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது. அந்த வார்த்தை நாக்குவரை வந்தது. ஆனால் எத்தனை பயல்கள் இதே பொய்யை அவளிடம் சொல்லி, முழித்த முழியிலேயே மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போயிருக்கிறார்கள்! தன் முழியும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தவிர, அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அதை அடக்க அவள் சுபாவம் இடம் கொடுக்கவில்லை.

“இல்ல சார், பாக்கல” என்றாள். “நீங்களும் பாக்கலியே சார்.”

மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடைநாயகம் பேனாவை மூடினார். வெர்னியரின் தாடையை மூடினார். வெளிச்சத்தில் பிடித்தார், சுரண்டினார், மோந்தார்.

“சந்தனம்!” என்றார்.

ஜன்னலில் முக்காலி காலியாக இருந்தது.

மண்ணெண்ணெயில் கழுவிய வெர்னியரில் அவள் முனை பத்தொன்பது புள்ளி எட்டு எட்டு காட்டியது. அளவுக்கான மதிப்பெண் அத்தனையும் போனது. அதோடு விடவில்லை, மனுஷர் முதல் மேஜைக்குத் திரும்பிப் போய் எல்லாருடையதையும் கழுவி அளந்தார். ஜீரோ பார்க்காத இன்னும் நாலு பேருக்கும் அளவு மதிப்பெண் போனது. அந்த நாலு பேரும் அவளை முறைத்த முறைப்பில் இரும்பு உருகியிருக்கும். “சும்மா இருந்திருக்கலாம்லா” என்று ஒருவன் வாய்விட்டே சொன்னான். அவளுக்கும் அதுதான் தோன்றியது.

போகும்போது ஆவுடைநாயகம், “கருவியைச் சரிபாத்துக் கொடுக்க வேண்டியது யாரு பொறுப்பு?” என்று கேட்டார்.

“ஸ்டோர்கீப்பர் சார்.”

“எங்க அவரு?”

“நான்தான் சார்” என்றாள். அவர் கழுவிய வெர்னியரை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆறு வாரம் ஜெபகனி பயல்களிடம் வம்பு செய்யவில்லை. ‘அந்தச் சாமான்’ என்று கேட்டவனுக்கு அவன் விரல் காட்டியதையே எடுத்துக் கொடுத்தாள். பயல்களுக்கு அது துடைப்பத்தைவிடப் பயமாக இருந்தது. இசக்கியப்பன் அவள் கண்ணில் படாமல் சுற்றுவழியாக நடந்தான். அக்கா பாஸானால் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டான்.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. ஆவுடைநாயகம்.

“மார்க்கைப் பத்திக் கேக்காதீங்கம்மா, அது அன்னைக்கே சீல் வச்சுப் போயிட்டு. நான் வேற விஷயமாக் கூப்பிடுதேன். எங்க கம்பெனில அறுவது வெர்னியர் இருக்கு. உங்க பேச்சு மனசுல கிடந்து உறுத்திச்சு. நேத்து எல்லாத்தையும் மூடிப் பாத்தேன்.”

“எத்தனை சார்?”

“ஒம்பது. அஞ்சுல சந்தனம்.”

“மத்த நாலுல?”

“அது என்னன்னு கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கேக்கேன். எங்க ஸ்டோர்ல மூணு பேரு, மூணு பேரும் டிப்ளமா. எவன் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிட்டுக் கொடுத்திருதானுவ. சனிக்கிழமை தோறும் வந்து அவனுகளை ஒரு வழி பண்ணணும். வருவீங்களா?”

ஜெபகனி போனை மறுகைக்கு மாற்றினாள். “சார், எனக்குச் சர்டிபிகேட் இன்னும் வரல. வருமான்னும் தெரியல.”

“நான் சர்டிபிகேட்டைக் கேக்கலம்மா. உங்களைக் கேக்கேன்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டு, ஜன்னலை அடைத்து, முக்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். வெளியே பதினைந்து பயல்கள் கருவி வாங்க வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும் என்று அழுதாள்.

டிசம்பர் முதல் வாரம் முடிவு வந்தது. இருநூற்றைம்பதுக்கு நூற்றைம்பது எடுத்தால் பாஸ். அவள் நூற்று ஐம்பத்து மூன்று. மறுநாள் இசக்கியப்பன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு தைரியமாக ஜன்னலுக்கு வந்தான். ஜெபகனி அவன் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தாம்லே சந்தனம். நல்லா இருக்கு” என்று சொல்லி, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கிருபைராஜ் மாலையோடு வந்துவிட்டார். ஏழாவது வரிக்கு நேரே டிக் அடித்தாயிற்று. “இனி ஸ்டோர் உனக்குத்தான். உன்னை இங்கனேந்து யாரும் அசைக்க முடியாது” என்றார்.

“சந்தோஷம் ஐயா. சனிக்கிழமை தோறும் எனக்கு லீவு வேணும்.”

“எதுக்கு?”

“கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனில கூப்பிடுதாவ. அவங்க ஸ்டோரைப் பாத்துக் கொடுக்கணுமாம்.”

கிருபைராஜின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கம்பெனிக்காரர்கள் முதலில் சனிக்கிழமையைக் கேட்பார்கள், பிறகு திங்கட்கிழமையையும் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியருகே குனிந்தார்.

“ஜெபகனி, அப்படியே முழுசாப் போயிர மாட்டியே?”

அவள் எங்கும் போவதாக இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இருபத்துநாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. கேட்க நன்றாக இருந்தது. அதனால் உடனே பதில் சொல்லாமல், பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.